இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட்

அத்தியாயம் ஒன்பது

பெரியவள் இந்த முறை நிச்சயம் கிளம்பிவிடுவாள் என்று போன வாரம் நம்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் கிளம்பத்தான் கிளம்பினாள். பெட்டி இரண்டு, தையல் மெஷின் ஒன்று, புத்தகங்கள் கட்டிய சாக்குப்பை ஒன்று, எல்லாம் அப்பாவின் பழைய காருக்குள் ஏறியாகிவிட்டது. எட்டு வருஷக் குடித்தனத்தில் தன்னுடையது என்று அவள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். பின் சீட்டில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்தும் விட்டாள்.

கார்தான் கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

அப்பா முதல் முறை மெதுவாகத் திருப்பினார். இரண்டாவது முறை கோபமாக. மூன்றாவது முறை, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, காருக்குத் தெரியாமல் திருப்புகிறவர் போல. காரை ஏமாற்ற முடியவில்லை. நான்காவது முறையும் அதே டக்.

வாசல் படிக்கு மேலே, நிழலில், பிரம்பு நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால். கையில் டீ. மனைவி வீட்டை விட்டுப் போகிற காலை வேளையில் தனக்குத் தானே டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து குடிக்கிற மனிதரைப் பற்றி வேறு என்ன சொல்வது.

அவர் டைல்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதகர். வரிசையாக வரும் டைல்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததை ஒதுக்குவது வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் ஓய்வதில்லை. சமையலறை அலமாரியில் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். 'சர்க்கரை டப்பா மூடி, மூன்றாவது முறை.' குளியலறைக் கதவில் இன்னொன்று. 'விளக்கு அணைக்கப்படவில்லை, பதினோரு நிமிடம்.' அக்காவும் தங்கையும் அவருக்கு வைத்திருந்த பெயர் ரிஜெக்ட்.

அவர் அடித்ததில்லை. திட்டியதில்லை. குரலை உயர்த்தியதே கிடையாது. இதற்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள் என்று கேட்டவர்களுக்குச் சொல்லப் பெரியவளிடம் பதில் இருந்ததில்லை. அதனால்தான் இதற்கு முன் இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் திரும்பிவிட்டாள். ஒரு முறை மழை. இன்னொரு முறை, கேட் வரை வந்தவள், மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க உள்ளே போனாள். போனவள் போனவள்தான். அன்றைக்கு இரவுச் சமையலையும் அவளே செய்தாள்.

ஆகவே, அக்காவைக் கூட்டிப்போக அப்பாவோடு வந்து, காரை ஒட்டி நின்றிருந்த சின்னவளுக்கு ஒரு விஷயம் மட்டும் திட்டமாகத் தெரிந்திருந்தது. கார் ஓடுகிறதோ இல்லையோ, அக்கா மறுபடி அந்தப் படியேறி உள்ளே போகக் கூடாது. போனால் இன்னொரு எட்டு வருஷம்.

வாடகை வண்டி கூப்பிட்டால் ஆயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். சின்னவளும் அதைத்தான் சொன்னாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"என் மகளை ஊரான் வண்டியில கூட்டிட்டுப் போற அளவுக்கு நான் இன்னும் படுத்துடல."

அதற்குப் பிறகு அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார்.

திறந்த பானெட்டிலிருந்து வெயில் திரும்பி அடித்தது. உள்ளே அப்படி ஒரு மினுமினுப்பு. காரின் வெளிப்புறம் நீலம். அது பல வருஷத்துக்கு முந்தைய வேலை. உட்புறம் முந்தாநாளும் நேற்றுமாகச் செய்த வேலை. சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, தாங்கிகள், கொக்கிகள், எல்லாம் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. பாத்திரக் கடை தோற்றுப்போகும்.

அப்பா பெயிண்டர். நாற்பது வருஷமாகச் சுவரும் கேட்டும் ஜன்னல் கம்பியும் பூசியவர். உலகத்தில் அவருக்கு இரண்டே வகை மனிதர்கள். சுவிட்சுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பூசுகிறவர்கள் ஒரு வகை. கழற்றாமல் சுற்றிச் சுற்றிப் பூசிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையோடு அவர் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிற வண்டி, திறந்து பார்த்தால் துருவோடு இளிக்கக் கூடாது என்று இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பூசியிருந்தார். மகளை அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரப் போகிற வண்டி அது என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை டீயோடு இறங்கி வந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

"பெயிண்ட் நல்லாருக்கு மாமா," என்றார். "கீழ ஒரு வண்டி இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்."

அப்பா சிரித்தார். அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே யாராவது அவருடைய வேலையைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் டின்னோடு தலையில் கவிழ்த்திருப்பார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிற ஆள் சொன்னால் சிரிப்பு வருகிறது.

மாப்பிள்ளை விரல் முட்டியால் பேட்டரியை இரண்டு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். டைலைத் தட்டினால் டைல் பேசும். பேட்டரியைத் தட்டினால் பேட்டரி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. அவர் அதையே சாவு என்று முடிவு கட்டினார்.

"பேட்டரி போயிடுச்சு. என் மெக்கானிக் நாளைக்குத்தான் வருவான். எல்லாரும் உள்ள வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கணும்? ராத்திரி தங்கிட்டு, நாளைக்கு நிதானமாப் போங்க."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. நாளைக்குப் போங்கள் என்கிறார். நாளை என்பது அந்த வீட்டில் எவ்வளவு நீளமானது என்று பெரியவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவளுடைய கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. இறங்குவதற்கு.

அப்பாவும், மாப்பிள்ளை சொல்வது நியாயம்தானே, ஒரு ராத்திரியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா," என்றாள் சின்னவள். "இறங்கறதுன்னா முன்னாடி வந்து உட்காரு. ஸ்டியரிங்ல. நீ சாவியத் திருப்பு, நான் பார்க்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எதைப் பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சின்னவளுக்குப் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலை அளவு திருகுகளை முடுக்குவது. வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு, மோட்டார் வண்டி மின்சார வகுப்பு. பதினெட்டு ஆண்கள், அவள் ஒருத்தி. ஆறு மணிக்கு நடக்கிற அந்த வகுப்பை மாப்பிள்ளை 'நைட் ஸ்கூல்' என்றுதான் சொல்வார். போகப் போக அதையே அவளுக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்.

வகுப்பில் நடந்ததை அவள் ஒவ்வொரு நாளும் கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். சரியாகச் செய்ததைக் கறுப்பு மையிலும், தவறாகச் செய்ததைச் சிவப்பு மையிலும். நோட்டில் கறுப்பைவிடச் சிவப்பு அதிகம். மூன்று வாரத்துக்கு முன்னால்தான், ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று வகுப்பே கேட்கும்படி சொல்லி, அரை மணி நேரம் மல்லுக்கட்டி அதைக் கழற்றினாள். கோளாறு பேட்டரிக் கவ்வியில். இரண்டு திருகு தளர்ந்திருந்தது. அன்றைக்குச் சிவப்பில் எழுதியது: 'என் தவறு. சத்தமாகச் சொன்னேன், அவசரமாகப் பார்த்தேன்.'

இப்போது அந்த நோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

"பரீட்சையில புத்தகம் பார்த்து எழுத விடறாங்களா, நைட் ஸ்கூல்?" என்றார் மாப்பிள்ளை.

அவள் பக்கத்தைத் தேடினாள். முதல் வரியிலேயே இருந்தது. சத்தம் ஒன்றா, பலவா? படபடவென்று பல சத்தம் வந்தால் பேட்டரியில் வலு இல்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் அவசரப்பட்டுப் பேட்டரி மேல் பழி போடாதே.

நான்கு முறையும் ஒன்றே ஒன்றுதானா? அவள் கேட்டது சரிதானா? காது கேட்டது போதாது என்று தோன்றியது. மறுபடி பார்த்துவிடலாம்.

பெரியவள் இதற்குள் முன் சீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு வருஷமாக அவள் எந்த ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. மாப்பிள்ளையின் காரைத் துடைக்கலாம், தொடக் கூடாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் இதே காரில் பெயிண்ட் டின்களை ஏற்றிக்கொண்டு, அப்பா வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போனவள் அவள். உட்கார்ந்தவுடன் யாரும் சொல்லாமலே கியரை அசைத்து, நியூட்ரல்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

"முன் விளக்கப் போடுக்கா. போட்டுட்டு சாவியத் திருப்பு."

சின்னவள் விளக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். டக். விளக்கு அசையவில்லை. மறுபடி. டக். விளக்கு மங்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. குத்துக்கல் மாதிரி எரிந்தது.

மூன்றாவது முறையும் பார்த்தாள். அது அவள் குணம்.

பிறகு எழுந்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றாள். கேள்வி போல் ஒலித்துவிடக் கூடாதே என்று பயந்து சொன்னதால், கொஞ்சம் அதட்டல் போலவே ஒலித்துவிட்டது.

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விளக்கு எரிவதற்கும் வண்டி ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். விளக்கு எங்கள் வீட்டு டார்ச்சிலும்தான் எரிகிறது, அதற்காக அது ஊருக்குப் போகுமா என்றார். அப்பா அதற்கும் சிரித்தார்.

சின்னவள் அப்பாவிடமே சொன்னாள். பேட்டரி செத்திருந்தால், சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கும். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் அவ்வளவு மின்சாரத்தை இழுக்கும். இங்கே இழுக்கவே இல்லை. ஒன்று, மோட்டாரே கெட்டிருக்க வேண்டும். அல்லது மின்சாரம் மோட்டாருக்குப் போகிற வழியிலோ, திரும்பி வருகிற வழியிலோ அடைப்பு இருக்க வேண்டும்.

"திரும்பி வேற வருமா?" என்றார் மாப்பிள்ளை. "போனது திரும்பி வர்றதெல்லாம் உங்க குடும்பத்துப் பழக்கம்."

பெரியவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது என்பது கழுத்தில் தெரிந்தது.

சின்னவள் குனிந்துகொண்டாள். போகிற வழி முதலில். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். இறுக்கமாக இருந்தது. சுத்தமாக இருந்தது. அப்பா அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே இல்லை. ஷாக் அடிக்கும் என்று பேட்டரி என்றாலே அவருக்குப் பயம். திரும்பி வருகிற வழி அடுத்தது. எஞ்சினையும் வண்டியின் தகட்டையும் சேர்க்கிற செம்புப் பட்டை ஒன்று இருக்க வேண்டும், ஜடை பின்னிய மாதிரி. தேடினாள். காணவில்லை.

பிறகுதான் தெரிந்தது. இருந்தது. ஆனால் செம்பு நிறத்தில் இல்லை. வெள்ளியாக இருந்தது.

"அப்பா, இந்தப் பட்டையைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம சுத்திப் பூசறதுக்கு நான் என்ன கத்துக்குட்டியா?"

"கழட்டிட்டு, அதுக்கு அடியில?"

"அடியிலதாம்மா துரு பிடிக்கும். உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு, ரெண்டு கோட். பட்டைக்கு ரெண்டு கோட். நட்டுக்கும் போல்ட்டுக்கும் தனித்தனியா முக்கி எடுத்துக் காய வெச்சேன். காய்ஞ்ச அப்புறம்தான் மாட்டினேன்."

அவ்வளவையும் அவர் பெருமையோடு சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. அரைகுறை வேலைக்காரன் யாராவது பட்டையைக் கழற்றாமல் மேலோடு தடவிவிட்டுப் போயிருந்தால் இந்த வண்டி இந்நேரம் பாதி தூரம் போயிருக்கும்.

காலையில் அப்பா வீட்டில் கிளம்பும்போதே இரண்டு முறை டக் என்றுவிட்டுத்தான் கார் எடுத்தது. இரும்பும் இரும்பும் எங்கோ ஒரு நூலளவு தொட்டுக்கொண்டிருந்திருக்கும். வழியில் ஆடின ஆட்டத்தில் அந்த நூலும் போயிருக்கும். சின்னவளுக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய அன்றைக்கும் எல்லாம் இப்படித்தான் கண்ணில் தெரிந்தது என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

பெயிண்ட் மின்சாரத்தை விடாது, சுரண்ட வேண்டும் என்றாள்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. அது சாதாரணப் பெயிண்ட் இல்லை, வெள்ளிப் பெயிண்ட், உள்ளே அலுமினியப் பொடி இருக்கிறது, அலுமினியத்தில் மின்சாரம் போகும், தெருவில் போகிற மின்கம்பியே அலுமினியம்தான் என்றார். மாப்பிள்ளையும் தலையாட்டினார். எங்கள் கம்பெனியில் இயந்திரத்துக்கெல்லாம் இதைத்தான் அடிக்கிறோம், நன்றாக ஓடுகின்றன என்றார். அன்று காலையில் மாமனாரும் மருமகனும் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது. அதுவும் தப்பு.

பொடி பொடியாக இருக்கிற அலுமினியம் எண்ணெயில் மிதக்கிறது, ஒன்றையொன்று தொடாது என்று சொல்ல நினைத்தாள். நினைத்ததோடு சரி. வகுப்பில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அவளாக யோசித்தது. அவளாக யோசித்ததெல்லாம் சிவப்பு மையில்தான் முடிந்திருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கிற தடித்த கம்பி, இரண்டு முனையிலும் கவ்வி வைத்தது. அதில் ஒன்று கிடைத்தால் போதும். பேட்டரியின் கறுப்பு முனையில் ஒரு கவ்வி, எஞ்சின் இரும்பில் இன்னொன்று. பட்டையே தேவையில்லை. வண்டி எடுத்தால் பழி பெயிண்ட் மேல். எடுக்காவிட்டால் பழி அவள் மேல்.

மாப்பிள்ளையிடம் அந்தக் கம்பி இருந்தது. மாதா மாதம் துடைத்து, உறையில் போட்டு வைத்திருப்பார்.

"மாமா, உங்க ஜம்பர் கேபிளக் கொஞ்சம் குடுங்க. அஞ்சு நிமிஷம்."

மாப்பிள்ளை டீயின் கடைசி வாயைக் குடித்தார். டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்க்காமல், ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"அதுக்கென்ன, தாராளமா. உள் அறை அலமாரியில, மேல் தட்டுல இருக்கு. உன் அக்காவுக்குத் தெரியும். போய் எடுத்துக்கச் சொல்லு."

சின்னவளுக்கு உடனே புரிந்தது. எவ்வளவு மலிவான தந்திரம். எவ்வளவு சரியான தந்திரம்.

பெரியவள் கதவைத் திறந்துவிட்டாள். உதவி என்று கேட்டால் எழுந்து போய் எடுத்து வந்து கொடுப்பது எட்டு வருஷப் பழக்கம். கால் தானாக நடந்தது. கேட், முற்றம், முதல் படி. மாப்பிள்ளை ஒதுங்கி வழிவிட்டார், கல்யாண வீட்டில் வரவேற்கிறவர் மாதிரி.

"அக்கா, வேண்டாம். அந்தக் கேபிள் வேண்டாம்."

பெரியவள் முதல் படியில் நின்றாள்.

"இப்பத்தானே வேணும்ன?"

"வேண்டாம். கேபிள் இல்லாமயே செய்யலாம். பெயிண்டுதான் கோளாறு. எனக்குத் தெரியும்."

தெரியாது. அதுதான் உண்மை. எழுபது பங்கு தெரியும், முப்பது பங்கு தெரியாது. சத்தமாகச் சொன்னேன், அவசரமாகப் பார்த்தேன் என்று மறுபடி எழுத வேண்டி வரலாம். அப்பாவின் இரண்டு நாள் வேலையைச் சுரண்டிவிட்டு, வண்டி மறுபடி டக் என்றால், அக்கா அந்தப் படியில் ஏறுவதைத் தடுக்க அதற்குமேல் சொல்ல அவளிடம் எதுவும் இருக்காது.

அப்பாவிடம் பட்டி பார்க்கிற பிளேடைக் கேட்டாள். பெயிண்டர் வண்டியில் அது இல்லாமல் இருக்காது. டிக்கியில், அவருடைய வேலைப் பையில் இருந்தது. அப்பா டிக்கிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என் கையால பூசினதை என் பிளேடாலயே சுரண்டுவியா? மாப்பிள்ளைதான் சொல்றாரே. ராத்திரி தங்கிட்டுப் போலாம். உனக்கு என்ன தெரியும்னு குதிக்கிற?"

அந்தக் கேள்வியைத்தான் சின்னவளும் காலையிலிருந்து தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படியிலிருந்து பெரியவள் இறங்கினாள். மெதுவாகத்தான் நடந்து வந்தாள். அப்பாவைத் தோளில் பிடித்து, பீரோவை நகர்த்துகிற மாதிரி ஓரமாக நகர்த்தினாள். டிக்கியைத் திறந்து பிளேடும் உப்புத்தாளும் ஸ்பேனரும் எடுத்தாள். தங்கை கையில் திணித்தாள்.

"தப்பாப் போனா போகட்டும்டி," என்றாள். "இந்த வீட்டுல நான் செஞ்ச எந்த வேலைதான் சரின்னு பேர் வாங்குச்சு?"

மாப்பிள்ளை மறுபடி படியேறி மேலே நின்று, அப்பாவின் பெயிண்டுக்கு இரங்கல் தெரிவிக்கிறவர் போல உச்சுக்கொட்டினார்.

போல்ட் முரண்டு பிடித்தது. நன்றாகக் காய்ந்த பெயிண்ட் அல்லவா. ஸ்பேனரில் முழு உடம்பையும் சாய்த்த பிறகு ஒரு கீச்சலோடு விட்டுக்கொடுத்தது. பட்டையை எடுத்துப் பார்த்தாள். அடியில் அப்பழுக்கில்லாத வேலை. கண்ணாடி மாதிரி. ஒரு பிரஷ் மயிர் கூட ஒட்டவில்லை. நாற்பது வருஷத் திறமை ஒரு நாலணா அளவு இடத்தில் மின்சாரத்தை மடக்கி நிறுத்தியிருந்தது.

சுரண்டினாள். வெள்ளிச் சுருள்கள் உதிர்ந்தன. கீழே இரும்பு சாம்பலாகத் தெரிந்தது. பட்டையின் முனையைத் தேய்த்தாள், செம்பு சிவந்தது. போல்ட்டின் மரையில் உப்புத்தாளைச் சுற்றித் திருகித் திருகி எடுத்தாள். வாஷரை மறந்துவிட்டு மாட்டினாள். நினைவு வந்து மறுபடி கழற்றினாள். வாஷரின் இரண்டு பக்கமும் வெள்ளி. அதையும் தேய்த்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் அவர் தோள் ஒரு முறை குலுங்கியது.

மறுபடி முடுக்கினாள். பட்டையை இழுத்துப் பார்த்தாள். பேட்டரி முனைகளையும் ஆட்டிப் பார்த்தாள், போன முறை அதில்தானே மானம் போனது. இனி பார்க்க எதுவும் மிச்சமில்லை என்ற பிறகும் இன்னும் ஒரு முறை பார்த்தாள்.

"திருப்புக்கா."

பெரியவள் சாவியைத் திருப்பினாள்.

டக் என்ற சத்தம் இந்த முறையும் வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மோட்டார் உறுமியது, எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிடித்துக்கொண்டது. பழைய வண்டி, பழைய சைலன்சர். தெரு முழுக்கக் கேட்கிற சத்தம். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது.

சின்னவள் பானெட்டை மூடிவிட்டு அதன் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை படியிறங்கி வந்தார். இப்போது நடையில் கொஞ்சம் வேகம். டம்ளரைக் கேட்டின் தூண் மேல் வைத்தார். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய குரல் மூடிய அறைக்கும் மஞ்சள் சீட்டுக்கும் அளவெடுத்துத் தைத்த குரல்.

"வண்டிய ஆஃப் பண்ணு," என்றார், கொஞ்சம் கூட்டி. "ஒரு நிமிஷம் பேசணும். இந்தச் சத்தத்துல எப்படிப் பேசறது?"

பெரியவளின் கை சாவியின் மேல்தான் இருந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல் சாவியில் ஒரு முறை இறுகியது. பிறகு விட்டது. கை ஸ்டியரிங்குக்கு வந்தது.

"சத்தத்தோடயே பேசுங்க," என்றாள் பெரியவள்.

எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் கத்தினார். பழக்கமில்லாத குரல், நடுவில் உடைந்து கீச்சென்றது. எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்து வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"என்னமோ உங்கப்பா உன்னக் காப்பாத்த வந்த மாதிரி ஆடறியே. முந்தாநாள் எனக்குப் போன் பண்ணினது யாருன்னு அவரையே கேளு. 'எப்படியாவது ஒரு நாள் நிறுத்தி வெச்சுடுங்க மாப்பிள்ளை, அவ மனசு மாறிடுவா, எனக்கு வெளிய தலை காட்ட முடியாது'ன்னு கெஞ்சினது யாருன்னு கேளு."

கத்தி முடித்த பிறகுதான், தான் கத்தியது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்றாவது சொல்லியிருக்கலாம். துடைத்துக்கொண்டே இருந்தார்.

முந்தாநாள். போன் செய்த நாளும் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்த நாளும் ஒன்று. அது நல்ல வேலைக்காரனின் கை செய்த தவறா, வேண்டுமென்றே செய்ததா? இந்தக் கேள்வியை எந்த மையில் எழுதுவது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பெரியவள் அழவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியை மட்டும் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள். அதில் பின்னால் நின்ற அப்பா தெரிந்தார்.

"அப்பா," என்றாள், திரும்பாமல். "பின்னாடி கதவு திறந்துதான் இருக்கு. ஏறுறீங்களா, இல்ல மாப்பிள்ளை வீட்டுலயே ராத்திரி தங்கறீங்களா?"

அப்பா திறந்திருந்த கதவைப் பார்த்தார். படிக்கு மேலே காலியாக இருந்த பிரம்பு நாற்காலியையும் பார்த்தார்.

பெரியவள் கிளட்சை மிதித்தாள். முதல் கியர் விழுந்தது. அப்பா இன்னும் தெருவில்தான் நின்றிருந்தார்.